தறி வீட்டுக்கு வந்த பள்ளிக்கூடம்!

செல்போனில் 'அ, ஆ' படித்த குழந்தைகள்

திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி வட்டத்தில் இருக்கிறது தேசூர். சின்னப் பேரூராட்சி. ஆரணிப் பட்டு என்றால் தமிழ்நாடு முழுவதும் தெரியும். அந்தப் பட்டு நெய்யும் வட்டாரத்து ஊர்களில் தேசூரும் ஒன்று.

நெசவு ஊருக்கு என்று ஒரு சத்தம் உண்டு. காலையில் தொடங்கினால், விளக்கு வைக்கும் நேரம் வரை 'டக்... டக்...' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்திலேயே தூங்கி, அந்தச் சத்தத்திலேயே விழிக்கும் குழந்தை, ஐந்து வயது முடிந்ததும் பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். ஊர் தோன்றிய நாள் முதல் இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று தலைமுறையாக இதுதான் வழக்கம்.

2020-ம் ஆண்டு அது நடக்கவில்லை. குழந்தை வீட்டிலேயே இருந்தது. பள்ளிக்கூடம்தான் வீட்டைத் தேடி வந்தது. செல்போன் வழியாக!

19 மாதம் மூடிய கதவு

கொரோனா நோய் பரவிய நேரம் அது. 2020 மார்ச் மாதம் நடுவில் தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இடையிடையே பள்ளிக்குப் போனார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. இடையில் 19 மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. திறந்த பிறகாவது நிம்மதி உண்டா? 2022 ஜனவரியில் மறுபடியும் மூடல். பிப்ரவரியில்தான் மறுபடி மணி அடித்தது.

2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முழுவதும் வீட்டில். இரண்டாம் வகுப்பில் பெரும்பகுதியும் வீட்டில். பரீட்சை இல்லாமலே அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி. வகுப்பறையில் ஒழுங்காக உட்காரும்போது அது கிட்டத்தட்ட மூன்றாம் வகுப்பு!

தமிழ்நாட்டில் மட்டும் இப்படி நடக்கவில்லை. 2020 ஏப்ரல் மாதத்தில் உலகம் முழுவதும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்கூடம் இல்லாமல் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்லுகிறது. இதற்கு முன் இப்படி ஒரு காலம் இருந்ததில்லை.

மூடிய பள்ளிக்குப் பதிலாக வந்ததுதான் ஆன்லைன் வகுப்பு. ஆசிரியர் ஓர் இடத்தில். பிள்ளைகள் நாற்பது இடத்தில். இடையில் ஒரு கண்ணாடித் திரை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 'கல்வி தொலைக்காட்சி' என்று ஒரு டெலிவிஷன் நிலையத்தைத் தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்ட் 26-ந் தேதியே தொடங்கியிருந்தது. சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்தான் அதன் படப்பிடிப்புக் கூடம். 2020 ஜூலை முதல் வகுப்பு வாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. அந்தச் சமயத்தில் அது கைகொடுத்தது உண்மை. ஆனால் டெலிவிஷன் பேசும், கேட்காது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை, "டீச்சர், புரியலை" என்று சொன்னால் அதற்குக் காது கிடையாது.

குழிக்குள் அப்பா

"பெற்றோர் வீட்டில்தானே இருந்தார்கள்? உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் என்ன?" என்று பட்டணத்தில் கேட்கலாம். தறி வீட்டைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

குழித்தறி என்பது வீட்டுக்குள்ளேயே இருப்பது. தரையில் ஒரு பள்ளம். நெசவாளி அதன் ஓரத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்க வேண்டும். ஒரு கை நாடாவை ஓட்டும். இன்னொரு கை அச்சுப் பலகையை இழுத்து அடிக்கும். கண், பாவை விட்டு நகரக் கூடாது. பட்டு இழை தலைமுடியைவிட மெல்லியது. ஒன்று அறுந்தால் உடனே பிடித்து முடிச்சுப் போட வேண்டும். தவறினால் சேலையில் குறை விழும். குறை விழுந்தால் கூலியில் பிடித்தம்.

அம்மாவுக்கும் வேலை குறைவில்லை. ராட்டையில் தார் சுற்ற வேண்டும். ஜரிகை எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுப்பையும் கவனிக்க வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள். ஆனால் நான்கு கையும் தறிக்குச் சொந்தம்! மாதச் சம்பளக்காரர் வீட்டில் குழந்தை பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம், சம்பளம் குறையாது. நெசவாளிக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு மணி நேரம் எழுந்து வந்தால் ஒரு மணி நேரக் கூலி போயிற்று. கல்யாணங்கள் நின்று, பட்டுச் சேலை விற்பனை படுத்துக் கிடந்த காலத்தில் இந்த நஷ்டத்தை யார் தாங்குவது?

சத்தம் வேறு. தறியடிக்கும் வீட்டில் செல்போனில் வரும் டீச்சர் குரல் எடுபடாது. தெருவுக்குப் போனால் வெயில், திரை தெரியாது. பின்கட்டுக்குப் போனால் 'டவர்' இல்லை.

அந்த செல்போனும் குழந்தைக்குச் சொந்தமா என்ன? வீட்டுக்கு ஒன்று. முதலாளி பாவு பற்றிப் பேச வேண்டும். உறவுக்காரர் நலம் விசாரிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு அக்காவுக்கும் வகுப்பு உண்டு. அக்காவுக்குப் பரீட்சை பயம். தம்பிக்கு என்ன பயம்? ஆகவே தம்பி முறை எப்போதும் கடைசிதான். வீட்டில் இது யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

'ழ' வரும் இடம்

பெரிய பிள்ளைகள் செல்போனில் ஓரளவு படித்தார்கள். சின்னப் பிள்ளைகள் ஏன் பின்தங்கினார்கள்?

பத்தாம் வகுப்பு மாணவனுக்கு எழுத்து தெரியும். அவன் எழுத்தைக் கொண்டு பாடத்தைப் படிக்கிறான். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்துதான் பாடம்! அதைக் கற்பது கண் மட்டும் செய்யும் வேலை அல்ல. கை, வாய், காது எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை.

'அ' எழுதுவதைப் பாருங்கள். செல்போன் திரையில் முழு 'அ' தெரியும். குழந்தை அதைப் படம் வரைவதுபோல் வரைந்துவிடும். எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் சுழித்தது என்பது டீச்சருக்குத் தெரியாது. எழுதி முடித்த தாளைப் படம் எடுத்து அனுப்பினால் சரியாகத்தான் இருக்கும். கீழிருந்து மேலாக எழுதிப் பழகிய கை, இரண்டு வருஷம் கழித்து வேகமாக எழுத வேண்டிய நேரத்தில் திணறும். வகுப்பில் என்றால் டீச்சர் பின்னால் வந்து நின்று, பிஞ்சு விரலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அரை நிமிஷ வேலை.

உச்சரிப்பும் அப்படியே. ல, ள, ழ மூன்றுக்கும் வேறுபாடு நாக்கின் நுனி எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. டீச்சர் வாயைத் திறந்து காட்ட வேண்டும். குழந்தை வாயை டீச்சர் பார்க்க வேண்டும். செல்போன் ஒலிபெருக்கியில், அதுவும் இணையம் விட்டுவிட்டு வரும்போது, 'பல்', 'பள்ளம்', 'பழம்' மூன்றும் ஒரே மாதிரிதான் விழும். ந, ன, ண கதையும் இதுவே. தமிழில் 247 எழுத்து. காதும் கண்ணும் சேராமல் அவற்றைப் பிரித்து அறிவது பெரியவர்களுக்கே கஷ்டம்.

இன்னொன்று, மற்றப் பிள்ளைகள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை பாதிப் பாடத்தைப் பக்கத்தில் உள்ள குழந்தையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். பக்கத்துப் பிள்ளை சிலேட்டை எட்டிப் பார்ப்பது காப்பி அடிப்பது அல்ல, அந்த வயசில் அதுவும் படிப்பு.

சத்துணவையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் மத்தியானச் சோறும் முட்டையும் என்பது தமிழ்நாட்டில் ஏழை வீடுகளுக்குத் தெரியும். பள்ளி மூடியபோது அரிசி, பருப்பு என்று வீட்டுக்குக் கொடுத்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் அது வீட்டுப் பானையில் சேர்ந்தது. ஆறு பேர் சாப்பிட்டார்கள்.

சட்டம் போட்ட கோடு

பட்டு நெசவில் குழந்தைகளைப் பற்றி ஒரு பழைய கவலை உண்டு. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக நெய்யும் 'கோர்வை'ச் சேலைக்குத் தறியில் இன்னொரு ஆள் துணை வேண்டும். அந்தத் துணை ஆளாக ஒரு காலத்தில் சிறுவர் சிறுமியரையே உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடங்கள் பெருகியும், சட்டங்கள் வந்தும், பல வருஷப் பாடுபட்ட பிறகுதான் அந்த வழக்கம் தேய்ந்தது.

6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. அதில் ஒரு விலக்கு உண்டு. பள்ளி நேரம் முடிந்த பிறகோ, விடுமுறையிலோ, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை கூடமாட உதவி செய்யலாம்.

இங்கேதான் சிக்கல்! பள்ளிக்கூடம் செல்போனுக்குள் போய்விட்டால் 'பள்ளி நேரம்' என்பது எது? அரை மணி நேர வகுப்பு முடிந்ததும் பள்ளி நேரம் முடிந்ததா? வகுப்பே இல்லாத நாள் விடுமுறையா? "சும்மாதானே இருக்கிறாய், இந்தத் தாரைச் சுற்று" என்று சொல்வது எந்தத் தாய்க்கும் தவறாகத் தோன்றாது. பள்ளிக் கட்டிடம் என்பது படிப்புச் சொல்லும் இடம் மட்டுமல்ல. காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை குழந்தையை வேலையிலிருந்து காப்பாற்றி வைக்கும் இடமும் அதுதான். இணையத்துக்குச் சுவர் கிடையாதே!

பக்கத்தில் ஒருவர்

சின்னக் குழந்தைகளுக்குத் தொலைவிலிருந்து பாடம் சொல்ல முடியவே முடியாதா? முடியும். எழுபது வருஷத்துக்கு முன்பே ஒரு நாடு செய்து காட்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெரிய வறண்ட வெளி. மாட்டுப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று நூறு மைலுக்கு அப்பால் இருக்கும். பள்ளிக்கூடம் கட்டினாலும் போகப் பிள்ளைகள் இல்லை. அங்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1951-ம் ஆண்டு 'ஆகாயப் பள்ளி' தொடங்கியது. நோயாளிகளைத் தேடி விமானத்தில் பறக்கும் டாக்டர்களுக்காக ஏற்பட்ட வானொலியைப் பள்ளிக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். தொடக்க காலத்தில் அந்த வானொலிக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சைக்கிள்போல் காலால் மிதித்து! குழித்தறி மிதிக்கும் ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

ஆகாயப் பள்ளி இன்றும் நடக்கிறது. வானொலி போய் இணையம் வந்துவிட்டது. ஆனால் ஒன்று மாறவில்லை. ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் குழந்தை பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். தாயாக இருக்கலாம், அதற்கென்றே வைத்த ஆளாக இருக்கலாம். டீச்சர் தூரத்திலிருந்து சொல்வார். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து எழுத வைப்பார். அந்த ஆள் இல்லாவிட்டால் ஆகாயப் பள்ளியும் இல்லை.

இந்தியாவிலும் அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறையில், ஒன்றாம் வகுப்புக்கும் கீழே உள்ள குழந்தைகளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது என்று சொன்னார்கள். அதுவும் பெற்றோருடன் பேசுவதற்குத்தான்! 1 முதல் 8-ம் வகுப்புக்கு, ஒரு நாளைக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிஷம் வீதம் இரண்டு வகுப்புக்கு மேல் கூடாது. கர்நாடக அரசு ஒரு படி மேலே போய், ஐந்தாம் வகுப்பு வரை ஆன்லைன் வகுப்பே கூடாது என்று அந்த ஜூன் மாதம் நிறுத்தியது. அடுத்த மாதமே ஐகோர்ட்டு அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. ஒன்றுமே இல்லாததற்கு ஏதாவது இருக்கட்டும் என்று பெற்றோர் நினைத்ததிலும் நியாயம் உண்டு.

எவ்வளவு போயிற்று?

2021 டிசம்பரில், பள்ளி திறந்த கையோடு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சோதித்தார்கள். அதே கிராமங்களில், அதே வயதுப் பிள்ளைகள் 2019-ல் எப்படிப் படித்தார்கள் என்ற கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால், தமிழில் பெரிய பள்ளம். கணக்கில் அதைவிட இரண்டு மடங்கு பள்ளம்!

'அசர்' என்ற கிராமக் கல்வி ஆய்வும் இதையே சொன்னது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2018-ல் நூற்றுக்குப் பத்துப் பேர் தடையில்லாமல் வாசித்தார்கள். 2022-ல் ஐந்து பேர்கூட முழுசாக இல்லை. அந்த ஐந்து பேரும் மீதித் தொண்ணூற்றைந்து பேரும் யார்? 2020-ல் செல்போனில் ஒன்றாம் வகுப்பு தொடங்கிய அதே பிள்ளைகள்தான்.

முன்பு பத்துப் பேர்தானே வாசித்தார்கள் என்றும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கொரோனாவுக்கு முன்பும் நிலைமை கொண்டாடும்படி இல்லை.

மாலை 5 மணிக்கு

2021 அக்டோபர் 27-ந் தேதி, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். திட்டம் சிக்கலானது அல்ல. தெருவிலேயே படித்த ஒருவரைப் பிடி. இருபது பிள்ளைகளைச் சேர். மாலை 5 மணிக்கு மேல் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடு. தொடக்க வகுப்புக்குச் சொல்லித்தர 12-ம் வகுப்பு படித்திருந்தால் போதும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தமிழ்நாடு முழுவதும் சுமார் 2 லட்சம் பேர் முன்வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

திண்ணையில், கோவில் மண்டபத்தில், மரத்தடியில் வகுப்பு நடந்தது. பாட்டு, கதை, கல்லாங்காய் வைத்துக் கணக்கு. டீச்சர் யார்? எதிர்வீட்டு அக்கா! அவருக்கு ஒவ்வொரு குழந்தையின் வீடும் தெரியும். எந்தக் குழந்தை வரவில்லை, ஏன் வரவில்லை என்பதும் தெரியும்.

பலன் தெரிந்ததா? முன்சொன்ன ஆராய்ச்சியாளர்கள் ஆறு மாதம் கழித்து அதே குழந்தைகளை மறுபடி சோதித்தார்கள். விட்டதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது! அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய கால் பங்கு, இந்த மாலை வகுப்பால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மீதிக்குக் காரணம், பள்ளிக்கூடம் திறந்ததுதான்.

பிறகு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் 1 முதல் 3-ம் வகுப்பு வரை வந்தது. வாசிக்கும் அளவுக்குத் தகுந்தபடி பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லித்தரும் முறை. அதே ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டு மாநிலம் முழுவதும் பரவியது. அதற்குப் பின் ஆரம்பப் பள்ளிகளுக்கே இணையமும் பெரிய திரையும் வந்தன. அதே பாடப் படம்தான். ஆனால் இப்போது திரைக்குப் பக்கத்தில் டீச்சர் நிற்கிறார். படத்தை நிறுத்தி, "இப்போது நீ சொல்லு" என்று ஒரு குழந்தையைப் பார்த்துக் கேட்கிறார். இது வேறு விஷயம்.

மூன்றில் ஒரு பங்கு

மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. மீதி ஒரு பங்கு?

2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். 2024-ல், அவர்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, 'அசர்' ஆய்வு மறுபடி வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒழுங்காக வாசிக்க வரவில்லை. ஆறாம் வகுப்பில் யாரும் 'அ, ஆ' சொல்லித்தர மாட்டார்கள். அங்கே அறிவியலும் வரலாறும் காத்திருக்கும். வாசிக்கத் தெரியாத பிள்ளை கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் வராது. தேசூர் போன்ற ஊரில் அந்தப் பிள்ளைக்கு உட்கார இடம் தேட வேண்டாம். தறி வீட்டிலேயே இருக்கிறது!

தங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பெற்றோரே தெரிந்துகொள்ளலாம். மார்க் அட்டை வேண்டாம். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். பிள்ளை ஏற்கெனவே மனப்பாடம் செய்த பக்கமாக இருக்கக் கூடாது. தம்பி தங்கையின் புத்தகமாக இருந்தால் நல்லது. இதற்காகத் தறியை விட்டு எழுந்திருக்கவும் வேண்டாம். நாடா போகும்போது ஓர் இழை அறுந்தால், கண்ணால் பார்க்கும் முன்பே நெசவாளியின் காதுக்குத் தெரிந்துவிடும். பிள்ளை வாசிப்பதில் எங்கே அறுகிறது என்பதும் அப்படியே தெரியும். தாய் தகப்பனுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் தெரியும்.

அறுந்தால், மறுநாளே பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லலாம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர்களே. அந்தக் கூட்டத்தில் கட்டிடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றிப் பேசுவதுபோல், "என் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை, என்ன செய்யலாம்?" என்றும் எழுந்து கேட்கலாம். கேட்பதற்கு உரிமை உண்டு. கேட்டவர் ஒருவர் இருந்தால், பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்திருப்பார்கள்.